புதுத் தொழில்நுட்பச் செய்தி வந்தால் எதை நம்புவது, எதைச் சோதிப்பது: டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலையில் இருப்பவர்களுக்கு

காலையில் கிளையன்ட் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்புவார். "இனிமே குக்கீயே கிடையாதாமே, நம்ம விளம்பரம் என்ன ஆகும் சார்?" இதற்கு அன்று மாலைக்குள் உருப்படியான பதில் சொல்ல முடிகிற அளவுக்குக் கையில் ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும். அதை எப்படிப் போடுவது என்று பார்ப்போம்.

முதலில் அந்தக் குக்கீ விவகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை (நாம் திறந்த தளம் அல்லாத வேறொரு நிறுவனம் நம் பிரவுசரில் போட்டுவைக்கும் அடையாளக் குறிப்புகளை) இரண்டு ஆண்டுகளுக்குள் நிறுத்தப்போவதாக 2020 ஜனவரியில் கூகுள் சொன்னது. 2021 ஜூனில் கெடு 2023 கடைசிக்குத் தள்ளிப்போனது. 2022 ஜூலையில் அது 2024 ஆனது. 2024 ஜனவரியில் குரோம் பயனர்களில் 1 சதவீதம் பேருக்கு மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். ஏப்ரலில் கெடு 2025க்குப் போனது, ஜூலையில் கட்டாய நீக்கமே இல்லை என்றார்கள். 2025 ஏப்ரலில், தனியாக அனுமதி கேட்கும் பெட்டிகூட வராது என்று முடித்துவிட்டார்கள். மாற்றாகக் கொண்டுவந்த பிரைவசி சாண்ட்பாக்ஸ் கருவிகளில் பெரும்பாலானவற்றை அதே ஆண்டு அக்டோபரில் மூட்டை கட்டினார்கள். ஐந்து ஆண்டாகப் புலி வருது, புலி வருது.

இதற்கெல்லாம் முன்பிருந்தே ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் சத்தமே இல்லாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. குக்கீகளைக் கட்டுப்படுத்துவதை 2017இல் தொடங்கியது. 2019இல் ஸ்கிரிப்ட் போடும் குக்கீகளின் ஆயுளை 7 நாளாகக் குறைத்தது. 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுக்க அடைத்தது. ஊரெல்லாம் குரோம் கெடுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, எந்த விளம்பரத்தால் விற்பனை வந்தது என்ற கணக்கு உடைந்தது என்னவோ சஃபாரியில். ஆகவே செய்தி எவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது என்பதை ஓரமாக வையுங்கள். எந்த பிரவுசரில், எந்தத் தேதியில், உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேருக்கு என்று மட்டும் கேளுங்கள்.

செய்தி பிறக்கும் இடத்தைப் பிடியுங்கள்

ஒரு ஃபீட் ரீடரில் (பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் செயலி) கணக்குத் தொடங்குங்கள். 2013இல் கூகுள் ரீடர் மூடப்பட்டதோடு, இந்த ஃபீடுகளைத் தரும் ஆர்.எஸ்.எஸ். முறையே செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி இன்றைக்கும் கிடையாது, எதைக் காட்டுவது எதை மறைப்பது என்று நடுவில் எந்த அல்காரிதமும் தீர்மானிப்பதில்லை. எட்டு, பத்து ஃபீடுக்கு மேல் போடாதீர்கள். ஐம்பது போட்டால் மூன்றாம் வாரமே ரீடரைத் திறப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

பிரவுசருக்கு: குரோம் ஸ்டேட்டஸ் தளம், வெப்கிட் (சஃபாரியின் இன்ஜின்) பிளாக், ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா தன் நிலைப்பாடுகளைப் பதிவுசெய்யும் ஸ்டாண்டர்ட்ஸ் பொசிஷன்ஸ் பக்கம். தேடலுக்கு: கூகுள் சர்ச் சென்ட்ரல் பிளாக், அதன் ஆவண மாற்றப் பட்டியல், சர்ச் ஸ்டேட்டஸ் டாஷ்போர்டு. அந்த ஆவண மாற்றப் பட்டியலை விட்டுவிடாதீர்கள். பிளாகில் வராத மாற்றம் ஆவணத்தில் ஒற்றை வரியாக மாறியிருக்கும். மின்னஞ்சலுக்கு ஜிமெயிலின் அனுப்புநர் வழிகாட்டிப் பக்கம் போதும். விளம்பரத்துக்கு நீங்கள் காசு செலவழிக்கும் தளங்களின் டெவலப்பர் பிளாகுகள் மட்டும்.

இரண்டாம் கைச் செய்தியை நம்பி ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு எஃப்.ஏ.கியூ. ஸ்கீமா (பக்கத்தில் உள்ள கேள்வி-பதிலைத் தேடுபொறிக்கு அடையாளம் காட்டும் குறியீடு) நல்ல உதாரணம். தேடல் முடிவில் கேள்வி-பதில் விரியும் அந்த வசதியைப் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று 2023 ஆகஸ்டில் கூகுள் சுருக்கியது. செய்முறைப் படிகளைக் காட்டும் ஹவ்-டு வகை மறுமாதமே மொத்தமாகப் போனது. அதற்குப் பிறகும் இரண்டையும் பேக்கேஜில் சேர்த்து விற்ற ஏஜென்சிகள் உண்டு. மூல அறிவிப்பு ஒரு பக்கம்கூட இருக்காது, படிக்க மூன்று நிமிடம்.

திங்கட்கிழமை காலை அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். தினமும் பார்த்தால் பதற்றம்தான் மிஞ்சும்.

குரோம் பேச்சைப் படிக்கும் முறை

குரோமில் ஒரு வசதி வருவதோ போவதோ பிளிங்க்-டெவ் என்ற பொது மடலாடற்குழுவில் தெரிந்துவிடும். அதில் மடல்கள் கொட்டும், அத்தனையும் உங்களுக்கு வேண்டாம். தலைப்பில் 'இன்டென்ட் டு ஷிப்' (வெளியிடப்போகிறோம்), 'இன்டென்ட் டு டெப்ரிகேட்' (கைவிடப்போகிறோம்), 'இன்டென்ட் டு ரிமூவ்' (நீக்கப்போகிறோம்) என்று இருப்பவற்றை மட்டும் தனி ஃபோல்டருக்கு அனுப்ப ஒரு ஃபில்டர் போடுங்கள். 'இன்டென்ட் டு ப்ரோட்டோடைப்' என்றால் எழுதிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதை வைத்துக் கிளையன்ட்டுக்கு மடல் எழுதாதீர்கள். 'ஷிப்' மடலுக்கு ஏ.பி.ஐ. பொறுப்பாளர்கள் மூவர் சம்மதம் சொல்ல வேண்டும். மூன்றாவது சம்மதம் விழுந்ததும், எத்தனையாவது குரோம் பதிப்பில் வரும் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

நடுவில் 'ஆரிஜின் ட்ரயல்' என்ற கட்டம் வரும். உங்கள் டொமைனுக்கு ஒரு டோக்கன் வாங்கிப் பக்கத்தில் வைத்தால், வெளிவராத வசதி உங்கள் தளத்தில் மட்டும் வேலை செய்யும். சோதிக்க அருமையான இடம். இதை நம்பி ஒரு கேம்பெய்னைக் கட்டினால் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள். டோக்கனுக்குக் காலாவதி உண்டு. தவிர, குரோமில் திறக்கப்படும் மொத்தப் பக்கங்களில் 0.5 சதவீதத்தை அந்த வசதியின் பயன்பாடு தாண்டினால் அதுவே அணைந்துவிடும். தீபாவளி விற்பனை நடுவில் அணைந்தால் யாரிடமும் போய் நியாயம் கேட்க முடியாது.

அடுத்து, வெப்கிட்டும் மொசில்லாவும் அதைப் பற்றி என்ன சொல்லியிருக்கின்றன என்று பாருங்கள். ஆர்வக் குழுக்களாகப் பயனர்களைப் பிரிக்கும் ஃப்ளாக் திட்டத்தை 2021இல் கூகுள் கொண்டுவந்தபோது மற்ற பிரவுசர்கள் கை கொடுக்கவில்லை. 2022 ஜனவரியில் அதைக் கைவிட்டு டாபிக்ஸ் என்று வேறொன்றைக் கொண்டுவந்தார்கள், கடைசியில் அதுவும் போனது. ஒரே ஒரு பிரவுசர் மட்டும் தாங்கிப் பிடிக்கும் விஷயத்தில் பயிற்சி எடுக்கலாம், பணம் போடக் கூடாது.

ஆப்பிளுக்குத் தனிக் கணக்கு. ஜூன் மாதம் டெவலப்பர் மாநாட்டில் சொல்வார்கள், செப்டம்பரில் போனுக்கு வந்துவிடும். தள்ளிப்போடுவது அபூர்வம். மெயில் பிரைவசி புரொடக்‌ஷன் 2021இல் அப்படித்தான் ஐ.ஓ.எஸ். 15உடன் வந்தது. அன்றிலிருந்து ஆப்பிள் மெயிலில் 'திறந்தவர்கள்' எண்ணிக்கையை நம்ப முடியாது, படிக்காத மடலின் படங்களையும் அது முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை மூன்று மாதமும் உங்களுக்குச் சோதனைக் காலம்.

சஃபாரியில் ஒரு குக்கீயைப் பிடித்துப் பார்ப்பது

தமிழ்நாட்டு வாடிக்கையாளர் மட்டும் என்றால் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு, குரோம். அமெரிக்கா, கனடாவில் இருக்கும் நம்மவர்களுக்குப் பட்டுப்புடவையோ நகையோ விற்கும் கிளையன்ட் என்றால் கணக்கே வேறு. முதலில் அனலிடிக்ஸில் நாடு வாரியாக பிரவுசர் பங்கைப் பாருங்கள். சஃபாரி கணிசமாக இருந்தால் மேற்கொண்டு போகலாம்.

மேக்கில் சஃபாரி அமைப்புகளில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், வெப் டெவலப்பர் வசதிகளைக் காட்டு என்பதை இயக்குங்கள். கிளையன்ட்டின் தளத்தைத் திறந்து, வெப் இன்ஸ்பெக்டரில் ஸ்டோரேஜ், அதில் குக்கீஸ். கூகுள் அனலிடிக்ஸ் போடும் அண்டர்ஸ்கோர் ஜி.ஏ. என்ற குக்கீயின் காலாவதித் தேதியைப் பாருங்கள். அனலிடிக்ஸ் கேட்டது 2 ஆண்டு. குரோமில் அது 400 நாளாக இருக்கும், ஏனெனில் குரோமின் உச்சவரம்பு அது. சஃபாரியில் 7 நாள் இருக்கும். இப்போது இன்ஸ்டாகிராம் விளம்பரத்திலிருந்து, கிளிக் அடையாளம் ஒட்டிய முகவரியோடு உள்ளே வந்து பாருங்கள். 24 மணி நேரமாகச் சுருங்கியிருக்கலாம்.

இதற்கு என்ன அர்த்தம்? திங்கள் இரவு விளம்பரம் பார்த்து வந்த பெண்மணி வீட்டில் கலந்து பேசி வெள்ளிக்கிழமை புடவை வாங்குகிறார். அறிக்கையில் அவர் புது ஆள், நேரடியாக வந்தவர். விளம்பரத்துக்கு வரவு இல்லை. 'புதிய பயனர்கள்' எண்ணிக்கை மட்டும் கொழுத்துக்கொண்டே போகும், கிளையன்ட்டும் மகிழ்வார். கல்யாணச் சீசனில் முடிவெடுக்க இரண்டு மூன்று வாரம் ஆகும் பொருட்களில் இந்தப் பிழை இன்னும் பெரிது.

சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, குக்கீயைப் பக்கத்து ஸ்கிரிப்ட் போடாமல் உங்கள் சர்வரே போடும்படி செய்வது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சப்டொமைன் ஒன்றை, டொமைன் முகவரிப் பதிவேடான டி.என்.எஸ்.ஸில் உள்ள சி-நேம் பதிவு மூலம் வேறொரு நிறுவனத்தின் சர்வருக்குத் திருப்பிவிட்டால் சஃபாரி கண்டுபிடித்து மறுபடி 7 நாளாக்கிவிடும். 16.4 பதிப்பு முதல் ஐ.பி. முகவரியையும் ஒப்பிடுகிறது. தளம் ஓடும் சர்வரும் குக்கீ போடும் சர்வரும் ஐ.பி.யின் முதல் பாதியிலேயே வேறுபட்டால் அதே கதி. 'சர்வர்-சைடு டேகிங் போட்டாச்சு, இனிக் கவலையில்லை' என்று சொல்பவரிடம் இந்த இரண்டையும் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

இரண்டாவது வழி, வாங்கியவரின் மின்னஞ்சலையும் போன் எண்ணையும் ஹாஷ் செய்து (திரும்பப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி) விளம்பரத் தளத்துக்கு அனுப்புவது. கூகுளில் என்ஹான்ஸ்டு கன்வர்ஷன்ஸ், மெட்டாவில் கன்வர்ஷன்ஸ் ஏ.பி.ஐ. இங்கே அடிக்கடி சறுக்கும் இடம் போன் எண். நம் ஊர்ப் படிவங்களில் பத்து இலக்கம்தான் வாங்குவோம். அதை அப்படியே ஹாஷ் செய்தால் எங்கும் பொருந்தாது. கூகுளுக்குப் பிளஸ் குறியோடு 91 சேர்க்க வேண்டும். மெட்டாவுக்கு 91 வேண்டும், பிளஸ் குறி கூடாது. மின்னஞ்சலில் முன்பின் இடைவெளியை நீக்கி, எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி, பிறகு எஸ்.எச்.ஏ.-256 முறையில் ஹாஷ் செய்ய வேண்டும். ஒரே விற்பனை பிரவுசரிலிருந்தும் சர்வரிலிருந்தும் போனால் இரண்டுக்கும் ஒரே ஈவென்ட் பெயரும் ஒரே ஈவென்ட் ஐ.டி.யும் இருக்க வேண்டும். இல்லையென்றால் விற்பனை இரட்டிப்பாகத் தெரியும். எந்த மாதம் எண்கள் திடீரென அள்ளிக்கொண்டு போகிறதோ, அந்த மாதம் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் இதில் எதையும் செய்யாதீர்கள்.

சொன்ன தேதியில் வந்தவை

எல்லாக் கெடுவும் தள்ளிப்போகாது. ஒரு நாளைக்கு 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்புபவர்களுக்கான விதிகள் 2024 பிப்ரவரியில் சொன்னபடி வந்தன. மடல் உண்மையிலேயே உங்கள் டொமைன் பெயரில்தான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றும் வேண்டும். ஒரே கிளிக்கில் சந்தா விலகும் வசதி மடலின் ஹெடரிலேயே இருக்க வேண்டும். ஸ்பாம் புகார் 0.1 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது, 0.3ஐத் தொடவே கூடாது.

சரிபார்க்க, உங்கள் நியூஸ்லெட்டரை உங்கள் ஜிமெயிலுக்கே அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். மூன்றுக்கும் 'பாஸ்' வர வேண்டும். முதல் இரண்டும் பாஸ், டிமார்க் மட்டும் ஃபெயில் என்றால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: மடல் அனுப்பும் சேவை தன் சொந்த டொமைனில் கையெழுத்துப் போடுகிறது, 'ஃப்ரம்' முகவரியில் இருப்பது உங்கள் டொமைன். சேவையின் அமைப்பில் போய் உங்கள் டொமைனுக்கான டி.கே.ஐ.எம். பதிவை டி.என்.எஸ்.ஸில் சேர்த்தால் தீரும். எஸ்.பி.எஃப். பதிவில் பத்து டி.என்.எஸ். தேடல்களுக்கு மேல் கூடாது. பழைய சி.ஆர்.எம்., பழைய மடல் சேவை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து விட்டுவைத்த டொமைன்கள் இதில் விழும். டிமார்க்கை முதலில் அறிக்கை மட்டும் அனுப்பும் நிலையில் வையுங்கள். நான்கு வாரம் அறிக்கைகளைப் பார்த்து, எல்லா அனுப்புநர்களும் தேறிய பிறகுதான் கடுமையாக்கலாம். முதல் நாளே நிராகரி என்று போட்டால் கணக்குப் பிரிவு அனுப்பும் இன்வாய்ஸ்கூடப் போய்ச் சேராது.

தளத்தின் வேகத்தை கூகுள் அளக்கும் ஐ.என்.பி.யும் இதே ரகம். 2022 மே மாதம் பரிசோதனை அளவீடாக அறிமுகமானது, 2024 மார்ச் 12இல் எஃப்.ஐ.டி. என்ற பழைய அளவீட்டின் இடத்தைப் பிடித்தது. ஏறக்குறைய 22 மாத அவகாசம் இருந்தும் கடைசி வாரத்தில் ஓடியவர்கள் நிறையப் பேர். பயனர் தொட்டதற்குப் பக்கம் பதில் காட்ட எடுக்கும் நேரம் இது. வருகைகளில் 75 சதவீதத்துக்காவது 200 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நன்று, 500ஐத் தாண்டினால் மோசம். உங்கள் லேப்டாப்பில் எல்லாம் பிரமாதமாகத்தான் ஓடும். குரோம் டெவ்டூல்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சி.பி.யூ.வை நான்கு மடங்கு மெதுவாக்கி, மெனு பட்டனையும் 'கார்ட்டில் சேர்' பட்டனையும் தட்டிப் பாருங்கள். பிறகு சாட் பெட்டி, ஹீட்மேப், விளம்பர டேகுகள் என்று ஒவ்வொன்றாகத் தடுத்துத் திரும்பவும் தட்டுங்கள். குற்றவாளி பெரும்பாலும் மார்க்கெட்டிங் பிரிவு போட்ட டேகாகவே இருப்பான், டெவலப்பரைத் திட்டுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். சரிசெய்த மறுநாளே சர்ச் கன்சோலில் பச்சையைத் தேடாதீர்கள், அந்த எண் 28 நாள் தொகுப்பு.

நம்பாமல் எண்ணிப் பார்ப்பது

2024 செப்டம்பரில் ஜெரமி ஹோவர்ட் எல்.எல்.எம்.எஸ். டெக்ஸ்ட் என்ற கோப்பை முன்மொழிந்தார். ஏ.ஐ. மாடல்களுக்காகத் தளத்தின் சாரத்தை ஒரே இடத்தில் எழுதி வைக்கும் யோசனை. இது இல்லாவிட்டால் ஏ.ஐ. தேடலில் காணாமல் போய்விடுவீர்கள் என்று கட்டணம் வாங்கிச் செய்துகொடுப்பவர்கள் உடனே முளைத்தார்கள். கூகுளின் ஜான் முல்லர் இதைக் கீவேர்ட்ஸ் மெட்டா டேகோடு (தளக்காரரே முக்கியச் சொற்களைப் பட்டியலிடும் குறியீடு) ஒப்பிட்டார். கூகுள் அந்த டேகைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009இலேயே சொல்லிவிட்டது.

யார் சொல்வது சரி என்று விவாதிக்க வேண்டியதில்லை, தளத்தில் யார் எதைக் கேட்டார்கள் என்று சர்வர் பதிந்துவைக்கும் லாகைப் பார்த்தால் தெரிந்துவிடும். கோப்பை எழுத இரண்டு மணி நேரத்துக்கு மேல் செலவழிக்காமல் ஒரு தளத்தில் போட்டுவிடுங்கள். 30 நாள் கழித்து ஹோஸ்டிங் பேனலிலிருந்து மூல ஆக்சஸ் லாகை இறக்கி, அந்தக் கோப்பின் பெயரை வைத்து வடிகட்டுங்கள். உங்கள் அலுவலக ஐ.பி.யையும் எஸ்.இ.ஓ. ஆடிட் கருவிகளையும் கழியுங்கள். எத்தனை மிஞ்சுகிறது? ஒப்பிடுவதற்கு, அதே 30 நாளில் ரோபாட்ஸ் கோப்பை அதே பாட்கள் (தானாகத் தளங்களைப் படிக்கும் நிரல்கள்) எத்தனை முறை கேட்டன என்று எண்ணுங்கள். பாட் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு வரலாம். கூகுள்பாட் என்று சொல்லிக்கொள்ளும் ஐ.பி.யைப் பின்னோக்கி டி.என்.எஸ்.ஸில் தேடினால் கூகுளின் டொமைனில் முடிய வேண்டும், அந்தப் பெயரை மறுபடி தேடினால் அதே ஐ.பி. வர வேண்டும். சி.டி.என். (பக்கங்களின் நகலை வேறு சர்வர்களிலிருந்து தரும் சேவை) போட்ட தளமென்றால் சில வேண்டுகோள்கள் சர்வர் வரை வராது, சி.டி.என். லாகையும் சேர்த்துப் பாருங்கள்.

எவ்வளவு நேரம் போடலாம் என்பதற்கு ஒரே அளவுகோல், திரும்பி வரும் செலவு. ஒரு கோப்பை வேண்டாமென்றால் அழித்துவிடலாம். டேகை நிறுத்திவிடலாம். முகவரியில் கை வைக்கும் எதுவும் அப்படியல்ல. 2015இல் ஏ.எம்.பி. (மொபைலில் வேகமாகத் திறக்கும் தனிப் பக்க வடிவம்) அறிமுகமானது, மொபைலில் டாப் ஸ்டோரீஸ் பெட்டியில் இடம் வேண்டுமென்றால் அது கட்டாயம் என்றிருந்தது. 2021இல் கூகுள் அந்தக் கட்டாயத்தை எடுத்தபோது, ஒவ்வொரு ஏ.எம்.பி. முகவரியையும் அசல் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் செய்யும் (நிரந்தரமாகத் திருப்பிவிடும்) வேலை தளக்காரர் தலையில் விழுந்தது. அதுவரை இரண்டு டெம்ப்ளேட், இரண்டு அனலிடிக்ஸ் கணக்கு. செய்தித் தளங்களுக்கு அப்போது வேறு வழியில்லை. செய்தியே போடாத கடைகளும் அதில் இறங்கியதுதான் வீண்.

ஏடு

ஒரு ஷீட் போதும். விஷயம், மூல அறிவிப்பின் லிங்க், எந்தக் கட்டம், எந்த பிரவுசர்கள் ஆதரவு, சொன்ன கெடு, நம் கிளையன்ட்களில் யாருக்கு அடி, அடுத்து எப்போது பார்ப்பது, யார் பொறுப்பு. கெடு மாறினால் பழைய தேதியை அழிக்காமல் பக்கத்திலேயே புதியதை எழுதுங்கள். மூன்று முறை தள்ளிப்போனதை ஒரே வரியில் பார்க்கும்போது அடுத்த கெடுவுக்கு எவ்வளவு பதற வேண்டும் என்று தானே தெரியும். ஒரே வாரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள், எண்கள் சரிந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. செய்த மாற்றத்தை அன்றே அனலிடிக்ஸில் தேதியோடு குறித்துவையுங்கள்.

கிளையன்ட்டுக்கு எழுதும் பதிலும் இந்த ஏட்டிலிருந்துதான் வரும்: "குரோமில் இப்போதைக்கு மாற்றமில்லை. உங்கள் விற்பனையில் சஃபாரி வழி வருவதன் பங்கை இணைத்திருக்கிறேன். அதற்கான வேலை 12ஆம் தேதி முடியும். அடுத்து செப்டம்பரில் பார்ப்போம்." நான்கு வரி போதும்.

ஏட்டில் ஒரு வரி தரவைக் காப்பாற்றுவதற்கு. கூகுளின் பழைய யுனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1இல் நின்றது, ஓராண்டு கழித்துப் பழைய அறிக்கைகளையும் திறக்க முடியாமல் போனது. ஏற்றுமதி செய்து வைக்காதவர்களுக்கு ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட ஒன்றுமில்லை. அதன் இடத்துக்கு வந்த ஜி.ஏ.4இல் எக்ஸ்ப்ளோரேஷன் பகுதிக்கான தரவு, நீங்கள் மாற்றாவிட்டால் 2 மாதம்தான் தங்கும். டேட்டா ரிடென்ஷன் அமைப்பில் அதை 14 மாதமாக்கலாம், ஏற்கெனவே போனது திரும்பாது. கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவரி இணைப்பும் அப்படியே, இணைத்த நாளிலிருந்துதான் சேரும். பிக்குவரியின் கட்டணமில்லாத சாண்ட்பாக்ஸில் டேபிள்கள் 60 நாளில் அழிந்துவிடும், எனவே பில்லிங்கை இயக்கிவிட்டு, டேபிள்களின் காலாவதி அமைப்பையும் மாற்றுங்கள். புதுக் கிளையன்ட் கையெழுத்துப் போட்ட அன்றே இந்த மூன்றையும் முடித்துவிடுங்கள்.